மூன்றடித் தோட்டம்

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

முன்னுரை

சிறுவர் மணலில் வீடு கட்டி விளையாடுவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அவ்விளையாட்டுக்குத் தமிழில் 'சிற்றில்' என்ற அழகிய பெயர் உண்டு. சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் சிற்றில் இழைத்துச் சிறுசோறு சமைத்து மகிழ்வதைக் காண்கிறோம். 'வண்டல்' என்பது அவ்விளையாட்டுக்கு மற்றொரு பெயர். நீர் சுமந்து வந்து படியவிடும் வளமான மண்ணுக்கும் அதே பெயர்தான். மண்ணையும் குழந்தையின் ஆட்டத்தையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம் மொழி! ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிலும் ஒன்று. சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாமெனக் கண்ணனிடம் முறையிடுவதே நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும். குழந்தைகள் கட்டும் சிறு உலகத்தை நம் முன்னோர் எவ்வளவு பெரிதாக மதித்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மேலை நாட்டிலும் இக்கருத்து வேரூன்றியிருந்தது. ஜெர்மனியக் கல்வியாளர் பிரோபெல் 1840ஆம் ஆண்டில் தம் குழந்தைப் பள்ளிக்கு 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். அதன் பொருள் குழந்தைகளின் தோட்டம் என்பதே. அவர் அதை வெறும் உவமையாகக் கொள்ளவில்லை. குழந்தைகள் தம் கையால் பயிரிடச் சிறு பாத்திகளும் இருக்க வேண்டும் என்றார். கையால் தொட்டு அறிவதே கல்வியின் தொடக்கம் என வற்புறுத்திய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று நம் ஊர்களில் கிண்டர்கார்டன் என்ற பெயர்ப் பலகைகள் பெருகிவிட்டன. தோட்டந்தான் காணக் கிடைக்கவில்லை.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம், ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நடைபெற்றது. அங்கே மாலை நேரங்களில் இருபத்திரண்டு குழந்தைகளுடன் சேர்ந்து மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட ஒரு சிறு தோட்டத்தை அமைத்தோம். அதன் செய்முறையையும், அதிலிருந்து கற்றவற்றையும் நம் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடத்தின் இயல்பு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியை இன்று தொழிற்சாலைகளின் பெயரால்தான் உலகம் அறிகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்திலும் பின்னரும் கண்ணாடி, தொலைபேசி, சரக்கு வண்டி என எத்தனையோ ஆலைகள் எழுந்தன. ஆயினும் தாவரவியல் மாணவர்க்கு இவ்வூரின் பெயர் வேறொரு வகையில் அறிமுகமானது. இப்பகுதியின் களிப்பாறை அடுக்குகளில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பெரணிகள், சைக்கஸ் போன்ற செடிகள், ஊசியிலை மரங்கள் ஆகியவற்றின் இலைப் பதிவுகள் கிடைக்கின்றன. அவ்வடுக்குகளுக்கு நிலவியலார் ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே சூட்டியுள்ளனர். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் பழங்கால மனிதனின் கற்கருவிகள் வெளிப்பட்டன. எனவே கல்லையும் மண்ணையும் இலையையும் பொறுக்கி விளையாட இதைவிடத் தகுந்த நிலம் ஏது?

இன்னொன்றும் உண்டு. காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதிகள் ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும்; அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இவ்வாறு சங்கிலி போல் கோத்த ஏரிகளின் மிகுநீரே அடையாற்றிலும் சேர்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையோரம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. ஆகவே எங்கள் தோட்டத்தில் பூச்செடிக்கு முன் ஏரி வேண்டும் என்று முடிவு செய்தோம்.

வேண்டிய பொருள்கள்

இயற்கையில் கிடைத்த பொருள்களை மட்டுமே பயன்படுத்துவது என்பது எங்கள் முதல் விதி. தொழிற்சாலைகள் சூழ்ந்த அவ்வூரில் நெகிழித் தாளும், வெண்ணுரைக் கட்டியும், வண்ணக் கம்பியும் சாலையோரத்திலேயே கிடைக்கும். சண்டிகரில் நேக் சந்த் என்பார் கழிவுப் பொருள்களைக் கொண்டே அமைத்த கற்பூங்கா 1976இல் திறக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றதையும் நாம் அறிவோம். எனினும் எங்கள் நோக்கம் வேறு. முகாம் முடிந்து நாங்கள் சென்றபின், தோட்டம் கலைந்தாலும் அது மண்ணோடு மண்ணாக வேண்டும்; குப்பையாக எஞ்சக் கூடாது.

முதல் நாள் மாலை குழந்தைகள் சேர்த்தவை: ஏரிக்கரைச் செம்மண், ஏரியின் வண்டல், ஆற்று மணல் ஒரு கூடை, புற்றுமண், கூழாங்கல், ஓட்டுச் சில்லு, கொட்டாங்கச்சி, தென்னை ஈர்க்கு, காய்ந்த தருப்பை, வேப்பங்குச்சி, பப்பாளி இலைக்காம்பு, கிணற்றுச் சுவரில் படர்ந்த பாசி, அருகம்புல் கரணை. வேருடன் எடுத்த தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி ஆகியவை மரங்களாக நிற்பதற்கு. வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு பிடி கேழ்வரகு, கடுகு, வெந்தயம். செலவு ஒரு காசுமில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு. ஊமத்தை, அரளி, ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியவை நஞ்சு. பார்த்தீனியச் செடி சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். இவற்றை முதலிலேயே குழந்தைகளுக்குக் காட்டித் தொடாதிருக்கச் செய்தல் வேண்டும். புற்றுமண்ணைப் பெரியவரே எடுத்து வருதல் நலம். புற்றில் குடியிருப்பது கறையான் மட்டுமன்று.

செய்முறை

முதல் நாள் இரவே கேழ்வரகையும் வெந்தயத்தையும் தனித்தனியே நீரில் ஊறவைத்தோம். மறுநாள் பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலின் ஓரத்தில், பாதி வெயிலும் பாதி நிழலும் விழும் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். முழு வெயிலில் பாசி காயும். முழு நிழலில் முளை வெளிறும்.

தரையில் ஓட்டுச் சில்லுகளை ஒரு விரற்கடை உயரம் பரப்பி, அதன்மேல் மணலும், அதன்மேல் செம்மண்ணும் வண்டலும் கலந்த மண்ணும் இட்டோம். தோட்டத்தின் மேல்முனையை அரையடி உயரமாகவும் கீழ்முனையைத் தாழ்வாகவும் சரித்து அமைத்தோம். இச்சரிவே முழு வேலைக்கும் உயிர். சமதரையில் அமைத்த தோட்டம் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். ஆனால் நீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சரிவின் நடுவில் பிறை வடிவில் ஏரி தோண்டினோம். புற்றுமண்ணையும் களிமண்ணையும் நீர்விட்டுப் பிசைந்து, காலால் மிதித்து, ஏரியின் அடியிலும் கரையிலும் பூசி அழுத்தினோம். நன்கு பிசைந்த களிமண்ணில் நீர் எளிதில் கசியாது. கரையின் அடியில் பப்பாளிக் காம்பு ஒன்றைச் செருகினோம். உள்ளே புழையுள்ள அக்காம்பு சிறந்த மதகாயிற்று. அதன் வாயைக் களிமண் உருண்டையால் மூடினால் மதகு அடைபடும். கரையின் ஓர் ஓரத்தில் சற்றே தாழ்வாக ஓட்டுச் சில்லு பதித்துக் கலங்கல் அமைத்தோம். ஏரிக்குக் கீழே விரலால் கீறிய வாய்க்கால்களும், வாய்க்கால் ஓரம் விதைத்த கேழ்வரகு வயல்களும் அமைந்தன. ஏரிக்கு மேலே இருந்த நீர்பிடிப்பு நிலத்தின் ஒரு பாதியில் அருகம்புல் கரணைகளைப் பதித்தோம். மறுபாதியை வெறும் மண்ணாகவே விட்டோம். காரணம் பின்னர் விளங்கும்.

விதையை அடர்த்தியாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, நீரைக் கையால் தெளிக்க வேண்டும். செம்பிலிருந்து ஊற்றினால் விதை ஒருபுறம் ஒதுங்கிவிடும். கடுகு இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும். கேழ்வரகு சற்றுத் தாமதிக்கும். நவராத்திரிக் கொலுவின் முன்னே சிறு பூங்கா அமைக்கும் வீடுகளில் இக்கலையை இன்றும் காணலாம். முளைப்பாரி வளர்ப்போர் பானையை வெயில் படாத இடத்தில் வைப்பதும் நாம் அறிந்ததே. அதையும் ஒரு பாடமாக்கினோம். இரண்டு கொட்டாங்கச்சிகளில் வெந்தயம் விதைத்து, ஒன்றை மட்டும் சட்டியால் கவிழ்த்து மூடினோம். ஐந்தாம் நாள் திறந்தபோது, மூடியதில் முளைகள் நெடிதாக நீண்டு மஞ்சள் வெளிறி நின்றன. மூடாததில் குட்டையாகப் பசுமையாக நின்றன. ஒளியைத் தேடி நீண்ட அந்த முளையைக் கண்டபின் 'பச்சையம்' என்ற சொல்லை விளக்க எனக்கு ஐந்து நிமிடமே போதுமானதாக இருந்தது.

எஞ்சிய களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, இலைகளை நரம்புப் பக்கம் கீழாக வைத்து அழுத்தி எடுக்கச் செய்தோம். வேம்பு, அரசு, பூவரசு, நெல்லி எனப் பதிவுகள் தெளிவாக விழுந்தன. உங்கள் ஊரின் பாறைக்குள் இதைப் போன்றே இலைப் பதிவு இருக்கிறது, அச்செடி இன்று உலகில் இல்லை என்று கூறியபோது அவர்கள் முகத்தில் தோன்றிய வியப்பை எழுத்தில் வடிக்க இயலாது.

குடவோலை

இருபத்திரண்டு பேர் ஒரே தோட்டத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நம் மாவட்டமே வழி காட்டியிருக்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன; காலம் கி.பி. 919, 921. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்து வாரியங்களை அமைத்த முறை அவற்றில் கூறப்படுகிறது. தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படாது.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் கண்ட மண்ணில் நாங்கள் மட்டும் வேறு முறையைத் தேடுவானேன்? பனையோலை நறுக்குகளில் பெயரெழுதிப் பானையில் இட்டோம். ஒரு கூடையாவது மண் சுமந்திருக்க வேண்டும் என்பதே தகுதி. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓலை எடுத்தான். ஏரிக்கு அறுவர், தோட்டத்துக்கு அறுவர், மற்றவர் குடிமக்கள். உத்திரமேரூரின் வாரியங்களில் பெண்டிர்க்கு இடமிருந்ததாகக் கல்வெட்டு கூறவில்லை. எங்கள் ஏரி வாரியத்திலோ நால்வர் சிறுமியர்.

அந்நால்வருள் ஒருத்தி ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவள். தமிழ் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. தான் கட்டிய வீட்டின் முன் சிறு குளம் ஒன்று தோண்டி, "பொக்கரி, பொக்கரி" என்றாள். பையன்கள் அதைப் 'போக்கிரி' என்று கேட்டுக் குலுங்கிச் சிரித்தனர். அவள் முகம் சுருங்கிற்று. கோயிற் குளத்தைப் புட்கரணி என்கிறோமே, அதே சொல்தான் அவர்கள் ஊரில் இப்படி வழங்குகிறது என்று விளக்கினேன். அதன்பின் ஏழாம் நாள் வரை அக்குளத்துக்கு அத்தோட்டத்தில் பொக்கரி என்றே பெயர்.

மதிலும் மழையும்

இரண்டாம் நாள் மாலையே, வீடுகள் எழுமுன், மழை பெய்வித்துப் பார்த்தோம். அடியில் துளையிட்ட கொட்டாங்கச்சியே எங்கள் மேகம். பத்துக் கொட்டாங்கச்சி நீரில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. எங்கும் ஆரவாரம்.

மூன்றாம் நாள் ஒரு சிறுவன் செங்கல் துண்டுகளை அடுக்கி நீண்ட கட்டடம் ஒன்றைக் கட்டினான். சுற்றிலும் களிமண்ணால் மதில் எழுப்பினான். என்னவென்று கேட்டேன். "கம்பெனிக்கா. எங்கப்பா வேல செய்ற எடம்" என்றான். ஏரிக்கு மேலே, நீர் இறங்கிவரும் சரிவின் குறுக்கே அது நின்றது. தோட்ட வாரியம் தடை சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் அங்கேதான் வேலை செய்தனர்.

மீண்டும் பத்துக் கொட்டாங்கச்சி மழை பெய்தது. நீர் மதிலில் முட்டி, பக்கவாட்டில் திரும்பி, ஒரு வரிசை வீடுகளை அரித்துக்கொண்டு தோட்டத்துக்கு வெளியே ஓடிற்று. ஏரியில் மதகின் வாய் நனையும் அளவுகூட நீர் சேரவில்லை. "தண்ணி வரவே இல்லக்கா" என்றாள் ஏரி வாரியத்துச் சிறுமி ஒருத்தி. "கம்பெனிய எடுத்துடு" என்று வீடிழந்தவர்கள் கூவினர். கட்டியவன் அதைத் தன் இரு கைகளாலும் மறைத்துக்கொண்டான். "எடுத்துட்டா எங்கப்பா எங்க போவாரு?" என்று கேட்டான். அதுவரை பேசாதிருந்த மற்றொரு சிறுவன், "எங்க தாத்தா நெலம் அங்கதான் இருந்துது" என்றான்.

நண்பர்களே! பொருளாதார வகுப்பிலும் சூழலியல் வகுப்பிலும் நாம் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்கும் வழக்கு இதுவே. மூன்றடி மண்ணில் அது என் கண்முன் நின்றது. இருவர் சொன்னதும் உண்மை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வாரியங்கள் கூடிப் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் முழுவதும் பேச்சும் வேலையுமாகக் கழிந்தது. நீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதை அறிய, மேலிருந்து செங்கற்பொடி கலந்த நீரைச் சிறுகச் சிறுக விட்டுச் சிவப்புத் தடத்தைப் பார்த்தனர். கம்பெனியை அத்தடத்திலிருந்து விலக்கி, ஓரத்து மேட்டுக்கு ஒரு சாண் நகர்த்துவது என்று முடிவாயிற்று. செங்கற்களைச் சுமந்து மாற்றியவர்களில் தாத்தாவின் நிலத்தைச் சொன்னவனும் இருந்தான். அப்போதும் மதிலின் ஒரு மூலை தடத்தை மறித்தது. ஒடியாச் சிறுமி ஒன்றும் பேசாமல் ஒரு பப்பாளிக் காம்பை ஒடித்து வந்து மூலையின் அடியில் செருகினாள். பின்னர் அதே பத்துக் கொட்டாங்கச்சி மழை. ஏரி ஏறக்குறையக் கலங்கல் மட்டத்தைத் தொட்டது, வழியவில்லை. மதிலின் பின்புறத்தில் கொஞ்சம் நீர் தேங்கி நின்றது. "இந்தத் தண்ணிய என்னாக்கா பண்றது?" என்று கேட்டனர். அங்கே கோரை நட்டுப் பாருங்கள் என்றேன்; நட்டனர். முதல் நாள் ஏரி போல் மறுபடி ஆகவில்லை என்பதையும் அவர்களே கவனித்துச் சொன்னார்கள்.

ஏழாம் நாள் மழையில் மற்றொரு பாடம் கிட்டியது. அருகம்புல் பதித்த பக்கத்திலிருந்து வந்த நீர் மெதுவாகவும் தெளிவாகவும் ஏரியில் இறங்கியது. வெறும் மண் பக்கத்து நீர் விரைந்து, செந்நிறமாகக் கலங்கி வந்து, ஏரியின் ஒரு மூலையைத் தூர்த்துவிட்டது. புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. இலைகள் துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. ஏரிகள் ஏன் தூர்ந்துபோகின்றன என்பதை விளக்க இதைவிடச் சிறந்த கரும்பலகை இல்லை. தூர்ந்த மூலையைக் குழந்தைகள் ஒரு கரண்டியால் அள்ளி, அந்த வண்டலை வயலில் இட்டனர். ஊரார் கூடி ஏரியைப் பேணிய 'குடிமராமத்து' என்னும் வழக்கத்தின் பொருள் அவ்வொரு கரண்டி மண்ணில் அடங்கியிருந்தது.

முடிவுரை

இச்சிறு தோட்டத்தை அமைக்க விரும்பும் நண்பர்கள் நான்கு செய்திகளை நினைவிற் கொள்க. சரிவு இன்றி அமைக்காதீர். நீர் ஓடினால்தான் தோட்டம் பேசும். இயற்கைப் பொருளன்றி வேறொன்றும் சேர்க்காதீர். வளரும் விதை கட்டாயம் இருக்கட்டும். நாளைக்கு என்ன ஆகும் என்ற ஆவலே குழந்தையை மறுபடி அழைத்து வரும். இறுதியாக, குழந்தை எதைக் கட்டினாலும் தடுக்காதீர். ஆலையோ, சாலையோ, கோயிலோ, அவன் கண்டதைத்தான் கட்டுவான். அதன்மேல் மழையைப் பெய்வித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவே போதும்.

இப்பகுதியின் ஆலைகளில் நாளை நம்மில் பலரும் பணியாற்றக் கூடும். சிலர் நில அளவைத் துறையிலும், பொதுப்பணித் துறையிலும், வருவாய்த் துறையிலும் அமரக் கூடும். எங்கே மதில் எழலாம், எவ்வழியே நீர் போக வேண்டும் என்று கையெழுத்திடும் நாள் வரும்போது, வரைபடத்தில் மெல்லிய நீலக்கோடாகத் தோன்றும் கால்வாயை அடித்துவிடுவது எளிது. ஒரு பப்பாளிக் காம்பளவு வழியேனும் அதற்கு விட வேண்டும் என்பதை அவ்வூர்க் குழந்தைகள் ஏழு நாளில் அறிந்துகொண்டனர். பட்டம் பெறப்போகும் நாம் அதை மறவாதிருப்போமாக!